நாலாவது ஆள்

பிரென்டிஸ் யான்டல் கென்டக்கியில் ஒரு புகையிலைப் பண்ணையில் குதிரைகளுக்கு முதுகு தேய்த்தே வளர்ந்தவன். தேய்த்தது இவன், ஏறியதென்னவோ எஜமான். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைத்தளையை உதறி, தெற்கத்தியரை எதிர்த்த வடக்கத்திப் பட்டாளத்தில் சேர்ந்தபோதுதான் அவனுக்கென்று ஒரு குதிரை கிடைத்தது. தம்பி லைஜுக்கும் ஒன்று.

லைஜ் சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கவே மாட்டான். அணிவகுப்பில் இரண்டுமுறை சேணத்தோடு சரிந்து, குதிரைக்கு அடியில் தொங்கினான்.

"அதுக்கு மூச்சு முட்டும்லண்ணே."

"நீ விழுந்து மண்டை பொளந்தா அதுக்கு நல்லா மூச்சு வரும்டா."

தெற்கத்தியரின் உப்புக் காய்ச்சும் ஊரைப் பிடிக்க மலையேறிய வழியெல்லாம், கூட வந்த வெள்ளைச் சிப்பாய்கள் இந்தக் கறுப்புச் சிப்பாய்களுடைய தொப்பியைத் தட்டிவிட்டுச் சிரித்தார்கள்.

கொடுத்திருந்த துப்பாக்கி முக்கால் ஆள் உயரம். குதிரைமேல் இருந்துகொண்டு அதன் குழலில் வெடிமருந்து கிட்டிக்க முடியாது. சண்டையென்றால் இறங்கித்தான் ஆகவேண்டும். வரிசையில் ஒன்று முதல் நாலுவரை எண்ணும்போது 'நாலு' சொல்பவன் பின்னால் நின்று நாலு குதிரைகளையும் பிடித்துக்கொள்வான். பிரென்டிஸ் எப்படியாவது தம்பியை அந்த இடத்துக்குத் தள்ளிவிடுவான்.

அன்று காலை லைஜ் கடைசி நொடியில் குதிரையை அண்ணனுக்கு முந்தின இடத்தில் நுழைத்துவிட்டான். 'நாலு' அண்ணன் வாயில் வந்து விழுந்தது.

"டேய், மாறுடா."

"எண்ணியாச்சுண்ணே. உனக்குத்தான் குதிரைன்னா உசிராச்சே. பாத்துக்க." கடிவாளத்தை வீசிவிட்டு மேட்டில் ஏறிப்போனான்.

பகல் முழுக்க மேட்டிலிருந்து வெடிச்சத்தம். கையை விட்டால் மூன்று பேர் திரும்ப வழியில்லை. பிரென்டிஸ் விடவில்லை.

பொழுது சாயும்போது இரண்டு பேர்தான் இறங்கி வந்தார்கள்.

"லைஜுக்குத் தொடையில குண்டு," என்றான் ஒருவன். "வேலிக்குப் பின்னால சாய்ச்சு வச்சிருக்கோம். உசிரு இருக்கு."

பின்வாங்கும்படி உத்தரவு வந்திருந்தது. காயம்பட்டவர்கள் அங்கேயேதான்.

"சார்ஜண்ட் ஐயா, ஒரே ஓட்டமா ஓடித் தூக்கிட்டு வந்துர்றேன்."

"வேலி இப்ப அவங்க கையில."

"நம்மாளுகளக் கைதியா வச்சுக்க மாட்டாங்கய்யா. அங்கேயே முடிச்சிருவாங்க."

சார்ஜண்டும் நேற்றுவரை அடிமையாய் இருந்தவர்தான். தன் குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறு, யான்டல்."

ஏறினான். திரும்பும் வழியில் யாரும் அவன் தொப்பியைத் தொடவில்லை.

ஓடையில் தண்ணீர் காட்ட நின்றபோது, கூட இழுத்துவந்த தம்பியின் குதிரையைப் பார்த்தான். வார் வழக்கம்போலத் தொளதொளவென்று கிடந்தது. வெறும் சேணம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. இறங்கி நிமிர்த்தி, இழுத்துக் கட்டினான். கட்டிவிட்டு, அதற்கு மூச்சு முட்டுமே என்று ஒரு துளை தளர்த்தினான்.