சமத்தாக வந்த புல்டோசர்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் மொத்தம் பதினான்கு வாண்டுகள். கண்ணைக் கட்டிவிட்டாலும், அழுகிற சத்தத்தை வைத்தே இன்ன பிள்ளை என்று சொல்லிவிடுவாள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அத்தை. அவளுக்கு வயது நாற்பதுதான். ஆனாலும் பால் பாட்டிலோடு வருகிற பிள்ளைகளிலிருந்து அவர்களைத் தூக்கிவருகிற அப்பன்மார் வரைக்கும் அத்தனை பேருக்கும் அவள் அத்தைதான். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டு வருஷம். இங்கே அழுகை படித்தது ஒன்பது வருஷம். பசி அழுகை முட்டி முட்டி வருமாம். தூக்க அழுகை ஜவ்வாக இழுக்குமாம். பொய் அழுகை நடுவில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடருமாம். சொல்வதோடு விடமாட்டாள், மூன்றையும் அழுதே காட்டுவாள்.

அங்கே இரண்டரை வயதில் ஒருவன், பட்டப்பெயர் புல்டோசர். வந்ததும் செருப்பு அடுக்கைச் சாய்ப்பான். பிறகு அத்தையின் முழங்கையில் ஒரு கடி. அதுதான் அவன் வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவனை நான்காம் நாள் காலை தோளில் போட்டுக்கொண்டு வந்தார் அவன் அப்பா. வாசலில் காப்பகத்தை நடத்தும் மேடம் தெர்மாமீட்டரை நீட்டினார்.

"நார்மல். காய்ச்சல் இல்லாத குழந்தையை அனுமதிக்கலாம்." மேடம் வாயைத் திறந்தால் நோட்டீஸ் போர்டு பேசுகிற மாதிரியே இருக்கும்.

"நேத்தே விட்டுடுச்சு மேடம்! பையன் இன்னைக்கு அவ்ளோ சமத்து. குளிப்பாட்டினேன், கப்சிப். சட்டை போட்டேன், கப்சிப்." அப்பா முகத்தில் லாட்டரி விழுந்த களை.

செருப்பு அடுக்கு நின்றது நின்றபடி இருந்தது. அத்தை முழங்கையைப் பையன் வாயருகே கொண்டுபோனாள்.

"கடிடா ராசா."

அரைக்கண் திறந்து மூடியது.

"நல்லாக் கடி. கோச்சுக்க மாட்டேன்."

தலை அப்பா தோளில் துவண்டது.

"மேடம், இவன நான் உள்ள எடுக்க மாட்டேன்."

"காரணம்?"

"கடிக்கல."

"கடிக்காத குழந்தையைத் திருப்பி அனுப்புன்னு எந்த ரூல்ஸ்ல இருக்கு?"

அப்பா சிரித்தார். "திருந்திட்டான் அத்தை."

"ஒரே ராத்திரில திருந்த இவன் என்ன முனிவரா?" என்றபடி பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. வயிற்றில் கை வைத்ததும் முனகினான். ஒன்பது வருஷத்துப் பாடத்தில் இல்லாத அழுகை அது. அத்தைக்கு விளையாட்டெல்லாம் ஓடிப்போயிற்று.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

"அது... டயப்பர் ராத்திரி போட்டது. காலைலயும் காஞ்சுதான் இருந்துச்சு. ஒண்ணு மிச்சம்னு..."

"மிச்சமாம் மிச்சம்! வாந்தி?"

"விடியக்காலைலேருந்து மூணு தடவ. வெறும் வயிறுதானேன்னு நெனச்சேன்."

"ஆட்டோவக் கூப்பிடுங்க."

"பத்து மணிக்கு எனக்கு ஒரு மீட்டிங்..."

"மீட்டிங் ஆஸ்பத்திரியில. கெளம்புங்க!"

மேடம் எதையோ சொல்ல வாயெடுத்தார். பையனின் முகத்தைப் பார்த்தவர், தானே தெருவுக்கு ஓடி ஆட்டோவை மறித்தார். அத்தையும் கூடவே ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேள்வியும் கையுமாக இருந்தார். ரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள்.

"சில வைரஸ் காய்ச்சல் இப்படித்தான்," என்றார். "சூடு இறங்குறப்பதான் உள்ள மோசமாகும். வயித்து வலி, விடாத வாந்தி, சோர்ந்து போறது, கை கால் சில்லிடுறது, ஒண்ணுக்குக் குறையறது, ஈறுல மூக்குல ரத்தம். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் தெர்மாமீட்டரப் பாத்துட்டு ஒக்காரக் கூடாது, ஓடி வரணும். சாயங்காலம் வந்திருந்தா எங்களுக்கே கஷ்டம்."

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மறுநாள் மத்தியானம் பையனின் பாதத்தில் சூடு திரும்பியது. "தண்ணி" என்று கேட்டான். கொடுத்தது போதாதென்று முறைத்தான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கண்டம் தாண்டிட்டான்" என்றார்.

வெளியூர் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மனைவிக்கு அப்பா போன் போட்டார். "ஹலோ" என்றதுமே ஓவென்று அழுதுவிட்டார். எதிர்முனையில் அலறல். அத்தை போனைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, பையன் நல்லாருக்கான். அழறது ஒம் புருஷன்தான். இது பயம் தெளிஞ்ச அழுகை, இதுக்கு வைத்தியம் வேணாம். நீ பதறாம வந்து சேரு."