சினிமாப் பக்கத்தில் என் போட்டோ

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். குரோம்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் நான் வெப் டிசைனர். அது என்ன வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளங்காது. "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்பதோடு சரி.

வரப்போகிற ஒரு படத்துக்கு வெப்சைட் செய்யும் வேலை என்னிடம் வந்தது. சோறு தண்ணி மறந்து செய்தேன். படம் வருவதற்கு முன்பே அந்த வெப்சைட் பேசப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பாராட்டி எழுதிவிட்டார்கள். சினிமாப் பக்கத்தில், கதாநாயகியை ஒட்டி என் போட்டோ!

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. செய்தியைப் படித்தவர்களைவிட போட்டோவைப் பார்த்தவர்கள்தான் அதிகம். காலைக் காப்பி ஆறுவதற்குள் பல்லாவரத்திலிருந்து சித்தப்பா போன்.

"ஏண்ணா, பொண்ணு சினிமால சேர்ந்துட்டா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா அஸ்தினாபுரத்தில் டீச்சர், கண்டிப்பானவர். பெண் பார்க்க வந்த அன்றே, "கல்யாணத்துக்கப்புறம் வேலை வேணுமான்னு யோசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அதுவே எனக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது. கல்யாணம் நின்றால் அப்பாவுக்குத் தலைகுனிவு, வேலை நின்றால் எனக்கு மூச்சே நின்ற மாதிரி. இப்போது இரண்டும் சேர்ந்து போய்விடும் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த டீச்சரே பேப்பரும் கையுமாக வாசலில் நின்றார்.

"நீ இதுல நடிச்சிருக்கியாம்மா?"

"இல்ல அத்தை, வெப்சைட் பண்ணியிருக்கேன்."

"எனக்கு அதெல்லாம் புரியாது. காட்டு, பார்த்துடறேன்."

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்டேஷன் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அப்பா, அத்தை, நான் மூவரும் போனோம். சென்டர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "லைன் இன்னிக்கு படா ஸ்லோவா கீதுக்கா, பொறுமையா பாருங்க" என்றார்.

அந்தக் காலத்து இன்டர்நெட்டில் படம் மொத்தமாக வராது. மேலிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் இருட்டு வானம் வந்தது. அப்புறம் கூந்தல், நெற்றி, பொட்டு. அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். படம் அங்கேயே நின்றுவிட்டது! அப்பா முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர்களும் எழுந்து எங்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

ஒரு வழியாகக் கண்கள் இறங்கின. ஊருக்கே தெரிந்த கண்கள். கதாநாயகிதான்! பின்னாலிருந்து ஒருவர் விசிலடித்தார். அப்பாவுக்கு உயிர் வந்தது.

போதும் என்று எழப் பார்த்தேன். "இரு, இன்னும் வருதே" என்று அத்தை என் தோளை அழுத்தினார். கடைசியில் கதாநாயகியின் கையிலிருந்த அகல்விளக்கும் வந்து சேர்ந்தது. மவுஸை அத்தை கையில் கொடுத்து, அம்புக்குறியை விளக்கின் மேல் வைக்கச் சொன்னேன். வைத்ததும் விளக்கு எரிந்தது. அதுவரை இருட்டாக இருந்த இடத்தில் ஒரு தெருவே வெளிச்சத்துக்கு வந்தது.

அத்தை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக மறுபடி மவுஸைத் தொட்டார். அணைத்தார், ஏற்றினார், அணைத்தார், ஏற்றினார். எத்தனையோ முறை பார்த்து எனக்கே அலுத்துப்போன பக்கம் அது. அன்றைக்கு அந்த டீச்சரின் முகத்தில் அதன் வெளிச்சம் பட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"யாருங்க பண்ணது?" என்று ஒருவர் கேட்டார்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எங்க வீட்டுப் பொண்ணு" என்றார்.

திரும்பி வரும்போது அப்பாவிடம், "எங்க வீட்ல ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சிடறேன். வேலை செய்யறவ இந்த மாதிரி கூட்டத்துல வந்து உக்காரக் கூடாது" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள் செய்துவிட்டேன், பாராட்டும் கிடைத்திருக்கிறது. ஆனால் நாம் செய்த ஒன்றைத் தொட்டுவிட்டுப் பயந்து கையை இழுத்துக்கொண்ட ஒருவர் ஆசையோடு மறுபடியும் கையை நீட்டுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய பாராட்டு எதுவும் இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.