பூட்டிய சலவையறையும் இரட்டைச் சம்பளமும்

இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கால்பந்து கிளப்பை டைல்ஸ் முதலாளி விலைக்கு வாங்கிய அன்று, இருபத்திரண்டு வருடமாக அங்கே ஜெர்சி துவைத்துவரும் அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: ஒரு வாஷிங் மெஷின். இருந்த இரண்டில் ஒன்று செத்திருந்தது. மற்றது சாகப் பயந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் மொதல் பிரிவுக்கு ஏறிடுவோம். அப்ப ரெண்டா வாங்கித் தர்றேன்," என்றார் முதலாளி.

பெருந்தகையின் கொடைக்கு அளவில்லை. கிளப்பின் கழிப்பறைகளுக்குத் தம் கடை டைல்ஸையே பதித்துத் தந்தார்; முழு விலையையும் கிளப்பிடமே வாங்கிக்கொண்டார். கிளப்பின் பெயரில் கடன் வாங்கி ஏழு ஆட்டக்காரர்களை இறக்கினார். அதில் கோல் போடும் ஒன்பதாம் நம்பருக்கு ஒரு வாரம் கொடுத்தது, அக்காவின் நான்கு வருடச் சம்பளம். 'முதல் பிரிவுக்கு ஏறினால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சம்பளம் இரட்டிப்பு' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. போட்டோக்காரர்கள் அவசரப்படுத்தியதால், கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடியே முதலாளி கையெழுத்துப் போட்டார். படம் அருமையாக வந்தது.

ஆட்டக்காரர்களுக்கு வாராவாரம் கொட்டியது போக அக்காவுக்கு மிஞ்சவில்லை. ஐந்து மாதமாக மேனேஜர் "அடுத்த மாசம்க்கா" என்றே சொல்லிவந்தார். அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கோ அந்தப் பொறுமை இல்லை. திங்கட்கிழமைக்குள் வாடகை வராவிட்டால் சாமான்கள் தெருவில் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவு. அக்கா இரண்டு செட் ஜெர்சியையும் துவைத்து, இஸ்திரி போட்டு, நம்பர் வரிசையில் அடுக்கி, சலவையறையைப் பூட்டினாள். கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டரை மணிக்கு மேனேஜர் வந்தார். கெஞ்சுவார் என்று நினைத்தாள்.

"பூட்டியே வைங்கக்கா. அவசரமே இல்ல."

"என்ன, வெயில் ஏறிடுச்சா தலைக்கு?"

மேனேஜர் நல்லவர், வயிற்றில் ரகசியம் தங்காத பேர்வழி. "மொதலாளி அந்த ரெட்டிப்பு வரிய நேத்துதான் படிச்சாரு. ஏறினா ஆண்டி ஆயிடுவாரு. பசங்க ரெட்டிப்பு சம்பளத்துக்காக உசுரக் குடுத்து ஆடுவானுங்க, தோக்க மாட்டானுங்க. ஜெர்சி இல்லேன்னா மேட்சே இல்ல, தோத்ததா அறிவிச்சுடுவாங்க. பழி உங்க மேல போயிடும், அவர் பேரு கெடாது."

"என் சம்பளம்?"

"அடுத்த மாசம்க்கா."

ஐந்து மாதச் சம்பளத்தை முழுங்கியவர், தோல்விக்குப் பழி சுமக்கவும் அவளையே இலவசமாக நியமித்திருந்தார். அக்கா எழுந்து உடை மாற்றும் அறைக்குப் போனாள். பதினோரு பேரும் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜெர்சி வேணும்னா என் அஞ்சு மாச சம்பளத்த எடுத்து வைங்கடா."

"அது மொதலாளி குடுக்கணும்க்கா," என்றான் ஒன்பதாம் நம்பர்.

"அவருக்கு நீங்க தோக்கணும். ரெட்டிப்பு சம்பளம் வேண்டாமா உங்களுக்கு?"

ஒன்பதாம் நம்பர் தொகையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "இவ்வளவுதானா? என் ஷூ வெலைகூட வராதே இது!"

"அப்ப ஷூவ நெனச்சு அழாம எடு."

அவள் துவைத்த காலுறை ஒன்றையே கைமாற்றிக் கைமாற்றிப் பணம் போட்டார்கள். அக்கா இரண்டு முறை எண்ணினாள். பிறகுதான் சாவி திரும்பியது.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். ஒன்பதாம் நம்பர் இரண்டாவது கோலைப் போட்டபோது கேமரா முதலாளி பக்கம் திரும்பியது. அவர் எழுந்து நின்று கைதட்ட வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்ட நாளின் அதே பல்வரிசை, பின்னால் உயிர்தான் இல்லை.

மூன்றே வாரத்தில் முதலாளியின் போன் அணைந்தது. இரட்டிப்பு என்ன, ஒற்றைச் சம்பளம்கூட யாருக்கும் வரவில்லை. அந்த ஏற்றத்தில் கையில் காசு பார்த்த ஒரே ஆத்மா அக்காதான்.

ஒன்பதாம் நம்பர் ஒருநாள் சலவையறை வாசலில் வந்து தலையைச் சொறிந்தான். "அக்கா, அன்னிக்கு நாங்க போட்ட காசு…"

அக்கா ஈரக் காலுறையை முறுக்கிப் பிழிந்தாள். "மொதலாளிகிட்ட கேளு தம்பி. அடுத்த வருஷம் ரெண்டா தருவாரு."