வெடித்த வயலில் ஒரு ஓட்டம்

காய்ந்த வைக்கோல் வாசம் வந்தால் இன்றும் என் இடது கால் மரத்துப்போகிறது. குத்தகை நிலத்திலிருந்து எங்களை வெளியேற்றப் போலீஸ் வந்த கோடை அது. மறித்து நின்ற அக்காவை ரோட்டில் போலீஸ் வேனில் ஏற்றுகிறார்கள் என்றதும், அவளைப் பார்த்துவிட வயலின் குறுக்கே ஓடினேன்.

சேற்றில் வேகமாகக் கால் மாற்றினால்தான் புதையாது. எனக்குத் தெரிந்த ஓட்டம் அது ஒன்றுதான். வயலோ வெடித்துக் கிடந்தது. சேறு வாங்கிக்கொள்ளும் அடியைக் காய்ந்த மண் அப்படியே காலுக்குத் திருப்பித் தந்தது. இடுப்புவரை அதிர்ந்தும் வேகத்தைக் கூட்டினேன். ரோட்டுக்குப் பத்தடி முன்னால் இடது கால் எலும்பு முறிந்து விழுந்தேன். வலி தெரியவில்லை.

“நிக்கையில உங்க எடை மட்டுந்தான் காலுக்கு. ஓடினா ரெண்டு மூணு மடங்கு. வேகம் ஏற ஏற அடியும் ஏறுங்க” என்றார் கட்டுப் போட்ட டாக்டர்.

இப்போது கெட்டித் தரையில் எவ்வளவு அவசரமானாலும் சின்னச் சின்ன எட்டாக, மெதுவாகத்தான் ஓடுகிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

அக்கா காய்ச்சலில் ஜெயிலிலேயே போய்விட்டாள். விழுந்து கிடந்த என்னைப் பார்த்து, வேன் கம்பிக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னதுதான் கடைசி.

“வண்டி நின்னுக்கிட்டுத்தானேடா இருந்துச்சு. நடந்து வந்திருந்தாலே கிட்ட நின்னு என்னைப் பாத்திருக்கலாம்.”