வெற்றிலை மேல் போட்ட பழி

தோட்டத்து மருந்துச்சாலையில் அப்பா முதன்முதலாக வாயைத் திறந்து காட்டியபோது நானும் மாமாவும் கூட இருந்தோம். அம்மா இல்லை, ரப்பர் பால் வெட்டப் போகாவிட்டால் பேர் விழாது (அன்றைய சம்பளம் கிடையாது). தங்கச்சி கொழும்பில் கார்மென்ட்ஸ் வேலையில் இருந்தாள்.

கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல்லை ஒட்டி ஈறு சிவந்து தடித்திருந்தது. வலி இல்லை. மருந்துக்காரர் பார்த்ததும் வெற்றிலையால் வந்தது என்றார். விடியற்காலைக் குளிரில் வெற்றிலை போடாமல் ரப்பர் மரத்தடிக்குப் போகிறவர் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாருமில்லை. அப்பா அன்றே தன் வெற்றிலைப் பையை மாமாவிடம் கொடுத்துவிட்டார். வீக்கம் வளர்ந்தது. கேகாலை டவுனில் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழியையும் அடைத்துக்கொண்டு சதை வளர்ந்தது.

வாசிக்கும் உங்கள் வீட்டில் இப்படி யாருக்காவது இருந்தால், பல் பிடுங்கியும் ஆறாத ஈற்றைச் சும்மா விடாதீர்கள். சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில்தான் பயொப்ஸி (சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். வழக்கமான வாய்ப்புற்று இல்லை, பிளாஸ்மா அணுக்கள் (நோயை எதிர்க்கும் பொருளைச் செய்பவை) கட்டியாகத் திரண்டிருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தது. அப்படியானால் மைலோமாவாக (எலும்பு மச்சையில் வரும் புற்று) இருக்கலாம் என்று இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மச்சை எடுத்தார்கள். மச்சை சுத்தம். அந்தச் சொல்லைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். டொக்டர் அம்மா சந்தோஷப்படவில்லை.

இது அபூர்வமான வேறொன்றாக இருக்கலாம் என்றார். பெரும்பாலானோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து தூங்கிக் கிடக்கும் ஒரு வைரஸ், சிலருக்கு அந்த அணுக்களுக்குள் விழித்துக்கொள்ளுமாம். அதைத் தேடும் சாயச் சோதனைக்கு, சதையைப் பதித்து வைத்திருந்த மெழுகுத் துண்டை வெளியே அனுப்ப வேண்டும். அதோடு எச்.ஐ.வி. சோதனையும் வேண்டும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கே இந்தக் கட்டி அதிகம் வருகிறது என்றார்.

அவர் பேசியது சிங்களத்தில். படித்தவன் என்று என்னைத்தான் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எப்படித் தமிழில் சொல்வதென்று நான் விழுங்கிக்கொண்டிருக்கையில் அப்பா என் கையைத் தட்டினார்.

"எனக்கு வெளங்கிருச்சு தம்பி, நீ கஷ்டப்படாத. இந்த வயசுல எனக்கு அந்தப் பேரு வேற. ஒங்கம்மாகிட்ட சொன்னா சிரிப்பா."

எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. மாமாவுக்குத் தாங்க முடியாத பெருமை. மறுநாள் காலைப் பிரட்டில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கையில், அந்தத் தாளைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். "பாத்துக்கங்க, எங்க மச்சானுக்கு எயிட்ஸ் இல்லைன்னு டொக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க."

அதுவரை அந்தச் சொல்லை யாரும் நினைத்ததில்லை. அதன்பின் வேறெதையும் நினைக்கவில்லை.

தங்கச்சிக்குப் பலாங்கொடைப் பக்கம் இடம் பேசியிருந்தோம். அவர்கள் வந்தார்கள். அப்பா வெற்றிலைத் தட்டை நீட்டினார். மாப்பிள்ளையின் தகப்பன் தட்டைத் தொட்டுக் கும்பிட்டார்; வெற்றிலையை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தேத்தண்ணீரும் அப்படியே ஆறிக் கிடந்தது.

மெழுகுத் துண்டுக்கு முடிவு வரும்போது கட்டி கன்னத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிந்தது. வைரஸ் இருந்தது. பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா என்று பெயர் சொன்னார்கள். அப்பாவால் அந்தப் பெயரை வாயில் கொண்டுவர முடியவில்லை. ஊசி மருந்து ஏற்றினார்கள். கட்டி வற்றியது, சில வாரம் சோறு சாப்பிட்டார். பிறகு கழுத்தில் வந்தது.

டொக்டர் அம்மாவிடம் அப்பா தானே ஒரே ஒரு கேள்வி கேட்டார், சிங்களத்தில்: வெற்றிலையால் வந்ததா? இந்த நோய் அப்படி வருவதில்லை என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "மச்சான், என் பையக் கொண்டாங்க. பாவம், வெத்தல மேல பழியப் போட்டுட்டோம்."

மாமா கொண்டுவந்தார். அப்பாவால் ஒரு துண்டுகூட மெல்ல முடியவில்லை. இலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த மழைக்கு முன் போய்விட்டார்.

இப்போது காலையில் விழித்ததும் என் நாக்கு தானாகப் போய் ஈற்றைத் தடவிப் பார்க்கிறது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு நாள் கிடைத்ததாக எழுந்திருக்கிறேன். மாதம், வருஷம் என்று யோசிப்பதில்லை.

என்னதான் செலவாச்சு என்று லயத்தில் ஒருத்தி கேட்டபோது அம்மா சொன்னார்: "அவரு ஈ.பி.எஃப். காசு பூரா, என் தோடு, புள்ளைக்கு வந்த எடம். அவரும்."