கிளம்பும்போது கேட்ட கேள்வி

போன வாரம் தொண்டி கடற்கரையில் கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

மாமனாரின் அஸ்தியைக் கரைக்கப் போயிருந்தோம். கரையோரம் கரைத்தால் அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடும், கடலுக்குள்ளே போய்க் கரையுங்கள் என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரும் தலையாட்டியிருந்தார். போதாதா?

காரைக்குடியில் எங்கள் ஹார்டுவேர் கடையில் கயிறும் பெயின்ட்டும் வாங்குகிற முனியசாமி, தன் ஃபைபர் படகோடு காத்திருந்தார்.

கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. மற்ற படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன... ஒன்றுகூட உள்ளே போகவில்லை. முனியசாமி கடலைப் பார்க்கிறார், என் வீட்டுக்காரரைப் பார்க்கிறார், வெரசாகப் போய்வந்துவிடலாம் என்கிறார் — குரலில் தெம்பே இல்லை. கொழுந்தனார் லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். இவரோ அஸ்திக் கலயத்தை நெஞ்சோடு அணைத்தபடி படகில் ஒரு கால் வைத்துவிட்டார்.

வேண்டாம் என்றால் கேட்பாரா? அப்பா பேச்சைத் தட்டச் சொல்கிறாயா என்று பாய்வார். முருகா, நான் என்ன செய்ய?

"எங்க போறீக?" என்றேன், சத்தமாக.

எங்கள் பக்கம் கிளம்புகிறவரை அப்படிக் கேட்கவே கூடாது. கேட்டுவிட்டால் காரியம் விளங்காது. திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும்.

இறங்கி வந்து மணலில் உட்கார்ந்தார். முகம் கடுகடு. பாட்டிலை நீட்டினேன்.

"கூறு இருக்கா உனக்கு? தெரிஞ்சேதானே கேட்ட?"

"ஆமா. மாமாவுக்கு எந்தத் தண்ணியும் ஒண்ணுதான். எனக்கு நீங்க ஒரு ஆளுதானே?"

தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தார். பிறகு படகுக்காரரிடம் திரும்பி, "நீ சொல்லுப்பா... போகலாமா?" என்றார். காலையிலிருந்து அப்போதுதான் கேட்கிறார்!

"வேணாம்ணே. இம்புட்டுத் தூரம் வந்துட்டீக, எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

கொழுந்தனார் ஜாக்கெட்டைக் கழற்றிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணனும் தம்பியும் முழங்கால் தண்ணீரில் நின்று கரைத்தார்கள். கரையேறுவதற்குள் காற்று என் குடையைத் திருப்பிப் போட்டுவிட்டது. கடல் இருந்த இருப்பைச் சொல்லவே வேண்டாம்.

யோசித்துப் பார்க்கிறேன். மூன்று பேருக்கும் பயம்தான். இவருக்குத் தம்பி முன்னால் சொல்லக் கூச்சம், தம்பிக்கு அண்ணன் முன்னால். முனியசாமிக்கோ, தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சங்கடம். படகு கவிழ்வது காற்றால் மட்டுமா? வேண்டாம் என்று முதலில் யார் சொல்வது என்கிற தயக்கத்தாலும்தான்.

திரும்பும் வழியில் இவர் மெதுவாகக் கேட்டார்: "அப்பா கோவிச்சுக்குவாரோ?"

"கோவிக்க மாட்டாரு. இந்தக் காத்துல உங்கள அனுப்பியிருந்தா, கனவுல வந்து என்னையத்தான் ஏசியிருப்பாரு."