புருவத்தைப் பார்த்துக் கேட்ட காது

டாக்டர் சந்தோஷம் தாங்காமல் கடம்பூர் போளி வாங்கிவரச் சொன்ன அன்றுதான், என் வேலை போய்விடும் என்று நான் பயந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் ஆடியோமெட்ரி டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளியைக் கண்ணாடி ஜன்னல் வைத்த அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, வெளியிலிருந்து 'பீப்' அனுப்புவேன். கேட்டால் அவர் பட்டனை அமுக்கவேண்டும். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். திமிர்தான்.

வேலுச்சாமி அண்ணாச்சி நூல் மில்லில் ரிங் பிரேம் என்கிற நூற்பு மெஷின் ஓட்டுகிறவர். இருபது வருஷ இரைச்சல். முதல் டெஸ்டில் அவருடைய கேட்கும் அளவைக் காட்டும் கிராஃப், கிணற்றுப் படி மாதிரி கீழே இறங்கியது. டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்த சூட்டில் இருந்தார்.

"ஓயாத சத்தத்துல உள்காது செல்லுல கெட்ட ஆக்சிஜன் பெருகிரும் அண்ணாச்சி. அதைத் தடுக்க ஆன்டிஆக்சிடன்ட்டுன்னு உடம்புலயே காவல் இருக்கு. காவல் தோத்தா செல் செத்துரும்" என்று விளக்கி, ஒரு மாதத்துக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எழுதினார். மில்லில் மாட்டிக்கொள்ளக் காதடைப்பானும் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து மறு டெஸ்ட். பழகிய மனிதர் ஆயிற்றே என்று, போன தடவை சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டேன். கிராஃப் பள்ளிக்கூடப் பிள்ளையின் காது மாதிரி வந்தது!

"நான் சொன்னேம்லா!" என்று டாக்டர் துள்ளினார். போளியும் வந்தது.

"அப்போ அடைப்பான் இனிமே வேண்டாம்லா சார்? ஒரே அரிப்பு" என்றார் அண்ணாச்சி. டாக்டரின் தலை சரியென்று ஆடத் தொடங்கிவிட்டது.

டெஸ்டின்போது என் பக்கத்தில் நின்றிருந்த அண்ணாச்சியின் மனைவிதான் தடுத்தார். "நல்லாருக்கே கத! நேத்து குக்கர் ஏழு விசில் அடிச்சுது. இவிய பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்காவ." பிறகு என்னிடம் திரும்பினார். "ஏம்மா, மில்லுக்குள்ள ஒண்ணும் கேக்காதுல்லா? மூஞ்சியப் பாத்தே பேசிப் பழகுனவிய. நீ சத்தம் அனுப்பையில புருவத்தத் தூக்குத. இவிய அதப் பாத்து அமுக்குதாவ."

அண்ணாச்சி பாவமாக, "கள்ளத்தனம் இல்ல தாயி. கேட்டுச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மறுபடி எடுத்தேன். அதே கிணறு, அதே படி. நடந்ததை டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். கடித்த போளியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் அண்ணாச்சியிடம் திரும்பினார்.

"செத்த செல்ல எந்த மாத்திரையும் எழுப்பாது அண்ணாச்சி. மிச்சத்தக் காப்பாத்தணும்னா அடைப்பான மாட்டுங்க. அரிச்சாலும் மாட்டுங்க."

என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மோசமான ரிசல்ட் வந்தால் எல்லோரும் மறுபடி எடுப்போம். எல்லோரும் ஆசைப்பட்ட ரிசல்ட் வந்தாலும் எடுக்கவேண்டும். அந்த அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அண்ணாச்சிக்கு மிச்சமிருந்த காதையும் நானே மில்லுக்குக் கொடுத்திருப்பேன்.